புதுப்பிப்பு: ஏஸ்-ஒன்பது, பபிள், எதிரில் ஆல்-இன்

போக்கர் போட்டி ஒன்றைப் பற்றி முன்பு கேட்டிருந்தது இதுதான்: இன்னும் ஒருவர் வெளியேறினால் மீதிப் பேர் எல்லோருக்கும் பரிசு (இந்தக் கட்டம்தான் பபிள்). நான் பிக் பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே கட்டாயமாக 1 பிளைண்ட் போடுபவர்), கையில் வெவ்வேறு சூட்டில் ஏஸ்-ஒன்பது, மொத்தம் 12 பிளைண்ட் சிப். ஸ்மால் பிளைண்ட்காரர் (அதைவிடச் சின்னக் கட்டாயத் தொகை போடுபவர்) 10 பிளைண்டோடு ஆல்-இன் தள்ளினார், அதாவது தன் சிப் மொத்தத்தையும் கட்டினார். கால் செய்வதா (ஈடாகப் போடுவதா), ஃபோல்டா (மடிப்பதா)?

பலரும் கால் என்றீர்கள். சிப் கணக்கில் அது சரிதான். அவருடைய 10, என் 1, ஆன்ட்டி (பிளைண்ட் தவிர முன்கூட்டியே போடும் கட்டாயத் தொகை) 1 சேர்த்து நடுவில் 12. நான் போட வேண்டியது 9. ஆக 21-இல் 9, சுமார் 43 சதவீத வெற்றி வாய்ப்பு போதும். கண்டதையும் தள்ளுபவர் என்றால் ஏஸ்-ஒன்பதுக்கு அது தாராளமாகக் கிடைக்கும்.

ஐசிஎம்மில் (சிப்பைப் பரிசு மதிப்பாக மாற்றிப் பார்க்கும் கணக்கில்) போட்டுப் பார்த்தால் கதையே வேறு. பக்கத்து மேசையில் இரண்டு பேரிடம் ஒன்றரை பிளைண்ட்தான் மிச்சம். அவர்களில் ஒருவர் போனாலே எனக்குப் பரிசு உறுதி. கால் செய்து தோற்றால் என்னிடமும் 2 பிளைண்ட்தான் மிஞ்சும். ஸ்மால் பிளைண்ட்காரர் இறுக்கமாக, நல்ல சீட்டுக்கு மட்டும் ஆடுபவர் வேறு. ஃபோல்ட் செய்தேன், இன்றும் அதையே செய்வேன்.

அப்புறம், அதே சீட்டோடு ஸ்மால் பிளைண்டில் நான் இருந்திருந்தால் தயங்காமல் தள்ளியிருப்பேன். எதிராளி மடித்தாலே பாட் (நடுவில் உள்ள சிப்) நமக்கு. கால் செய்பவருக்கு அந்த வழி கிடையாது. சாட்டிலைட்டில் (பெரிய போட்டிக்கு டிக்கெட்டைப் பரிசாகத் தரும் போட்டியில்) ஜெயிப்பவர் எல்லோருக்கும் ஒரே டிக்கெட் என்பதால், இரட்டை ஏஸைக்கூட மடிப்பது சரியாகும் நேரம் உண்டு.