திருகோணமலையில் தாய்ப்பாலூட்ட உதவக்கூடிய ஆள் தேவை

தங்கச்சியின் பிள்ளைக்கு ஐந்து கிழமை, பால் சரியாகப் பிடிக்கிறாளில்லை. நாங்கள் இருப்பது உப்புவெளியில். காம்பின் நுனியை மட்டும் கவ்வி உறிஞ்சுகிறாள், ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் வாயில் ‘டக் டக்’ என்று சத்தம், கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டு அழுவாள், தங்கச்சிக்குக் காம்பு வெடித்து இரத்தம் கசிகிறது. பிறந்தபோது 2.9 கிலோ, நேற்றுக் கிளினிக்கில் 3.2 தான். காய்ச்சல் இல்லை, சலம் ஒழுங்காகப் போகிறது, முகம் பார்த்துக் கண்ணைத் திருப்புகிறாள்.

மிட்வைஃப் சொல்லித்தந்தபடி வாயை அகலத் திறந்த பிறகு, நாடி மார்பில் முட்டும்படி அணைத்துப் பார்த்தோம். கக்கத்தடியில் பிடித்தும் படுத்தபடியும் கொடுத்தாயிற்று. இப்போது கையால் பால் எடுத்துக் கோப்பையால் பருக்குகிறோம், அதனால்தான் இவ்வளவாவது நிறை ஏறியது. மாப்பால் கொடுக்கச் சொல்கிறார்கள், ஆனால் தங்கச்சிக்குப் பால் நன்றாகவே சுரக்கிறது. டொக்டர் தொற்று இல்லை என்றார், நாக்கைப் பார்க்கவில்லை. அழும்போது நாக்கின் நுனி நடுவில் இழுபட்டு இதய வடிவில் தெரிகிறது, கீழுதட்டைத் தாண்டி வெளியே வருவதும் இல்லை; நாக்கு அடியில் ஒட்டியிருப்பதால்தான் பால் பிடிக்க முடியவில்லையோ என்று சந்தேகம்.

டவுனிலோ நிலாவெளி, கிண்ணியா பக்கமோ, நாக்கடியைச் சோதித்து, பக்கத்தில் இருந்து பால் பிடிக்கவைத்துக் காட்டக்கூடிய தாதியோ டொக்டரோ யாரையாவது தெரியுமா?