டெக்சாஸ் சிறப்புக் கல்வி வகுப்பில் கேமரா: எப்படிக் கேட்பது? மற்ற பிள்ளைகளின் அந்தரங்கம் என்னாகும்?

கேள்வி:
மகனுக்கு 7 வயது, பேச்சு இன்னும் வரவில்லை. ஹூஸ்டன் பக்கம் ஒரு பள்ளியில் நாள் முழுக்க செல்ஃப்-கண்டெயின்ட் வகுப்பில் (சிறப்புக் கல்விப் பிள்ளைகளுக்கான தனி வகுப்பு) இருக்கிறான். பெற்றோர் கேட்டால் கேமரா வைத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். யாரிடம் கேட்பது? வீட்டிலிருந்து பார்க்க முடியுமா? டயப்பர் மாற்றும் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் பெற்றோரின் சம்மதம் வேண்டாமா?

பதில் 1:
2015இல் டெக்சாஸில் நிறைவேறிய எஸ்பி 507 என்ற செனட் மசோதாதான் இதற்கு அடிப்படை. டெக்சாஸ் கல்விச் சட்டத்தில் 29.022ஆம் பிரிவு. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் சிறப்புக் கல்வி பெறுபவர்களாகவும், பள்ளி நேரத்தில் பாதியாவது இப்படித் தனி வகுப்பில் இருப்பவர்களாகவும் இருந்தால் அந்த வகுப்புக்குப் பொருந்தும்.

கோரிக்கை எழுத்தில்தான் இருக்க வேண்டும். ஏஆர்டி கூட்டத்தில் (பிள்ளையின் சிறப்புக் கல்வித் திட்டத்தை முடிவுசெய்யும் கூட்டம்) வாயால் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். பிரின்ஸிபலுக்கு மின்னஞ்சலில் பிரிவு எண், வகுப்பு, தேதி போட்டு நாலு வரி எழுதினால் போதும். 7 பள்ளி வேலைநாளுக்குள் பதில் வரவேண்டும், 45 பள்ளி வேலைநாளுக்குள் கேமரா ஓடவேண்டும். மாநிலக் கல்வித் துறை அவகாசம் கொடுத்தால் மட்டும் தள்ளிப்போகும். விடுமுறை இதில் சேராது என்பதால் நவம்பரில் கேட்டால் பிப்ரவரி ஆகிவிடும்.

வீட்டிலிருந்து பார்க்க முடியாது, அப்படி இருப்பதுதான் நியாயம். பதிவை யாரும் வழக்கமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, ஆசிரியரை மதிப்பிடவும் பயன்படுத்தக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. வன்முறை, புறக்கணிப்பு போன்ற சம்பவம் பற்றிப் புகார் கொடுத்து, அது பதிவாகியிருந்தால், சம்பந்தப்பட்ட பிள்ளையின் பெற்றோர் பார்க்கலாம். ‘இன்று ஏன் அழுதான்’ என்று மட்டும் கேட்டால் காட்ட மாட்டார்கள்.

மற்ற பெற்றோரின் சம்மதம் தேவையில்லை. ஆனால் கேமரா வைக்கும் முன் எல்லாப் பெற்றோருக்கும் ஊழியர்களுக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். கழிவறை உள்ளேயும் உடை மாற்றும் இடத்திலும் படம் எடுக்கக் கூடாது. பிள்ளையைத் தனியே உட்கார வைக்கும் டைம்-அவுட் அறை இருந்தால் அது கட்டாயம் பதிவாக வேண்டும்.

பதில் 2:
கேமரா பொருத்தும் வேலை தெரிந்தவர்களுக்கு: உடை மாற்றும் மூலையை மென்பொருளில் கறுப்புக் கட்டம் போட்டு மறைப்பதோடு நிற்காதீர்கள். அமைப்பை யாராவது மாற்றினால் கட்டம் போய்விடும். முதுகு அந்தப் பக்கம் இருக்கும்படி கேமராவை மாட்டினால் அந்தப் பயமே இல்லை. உயரமான அலமாரிக்குப் பின்னால் மறைவிடம் விழும், அதற்கு எதிர் மூலையில் இரண்டாவது கேமரா வேண்டும். ஒலியும் சட்டப்படி பதிவாக வேண்டும். பல கேமராக்களில் மைக் அணைந்த நிலையில்தான் வரும். ஏசி காற்றுத் துவாரத்தின் பக்கத்தில் மைக் இருந்தால் இரைச்சல்தான் மிஞ்சும்.

அதிகம் கோட்டை விடுவது சேமிப்பில். பதிவை குறைந்தது 3 மாதம் வைத்திருக்க வேண்டும் (முதலில் 6 ஆக இருந்தது, 2017இல் குறைத்தார்கள்). ஒரு கேமரா 4 மெகாபிட் வேகத்தில் மணிக்கு 1.8 ஜிபி பிடிக்கும். இரண்டு கேமரா, நாளுக்கு 8 மணி நேரம், 65 பள்ளி நாள் என்றால் ஏறக்குறைய 1.9 டிபி. 4 டிபி வட்டு தாராளம். ஆனால் கால அட்டவணை போடாமல் 24 மணி நேரமும் ஓடவிட்டால் அதே வட்டு 46 நாளில் நிரம்பி, பழையதன் மேல் எழுதிவிடும். பெற்றோர் கேட்கும்போது பதிவே இருக்காது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மற்ற பிள்ளைகளின் முகம் தெரிகிறது என்று சொல்லிப் பதிவைக் காட்டப் பள்ளி மறுக்கலாமா?

பதில் 3:
அந்தக் காரணம் மட்டும் போதாது. சம்பவத்தில் உங்கள் மகன் இருந்து, பள்ளி அந்தப் பதிவை வைத்திருந்தால் அது ஃபெர்பா என்ற, மாணவர் பதிவுகள் பற்றிய அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி அவனுடைய கல்விப் பதிவு. கேட்ட 45 நாளுக்குள் பார்க்க விட வேண்டும். பொருள் கெடாமல் மற்ற முகங்களை மங்கலாக்க முடிந்தால் பள்ளி அதைச் செய்ய வேண்டும், அந்தச் செலவும் அவர்களுடையது. பார்க்கும் உரிமைதான் இது, நகல் பெரும்பாலும் தர மாட்டார்கள்.

சந்தேகம் வந்த அன்றே தேதி, நேரம் போட்டுப் புகாரையும் பார்க்கக் கோரும் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பார்க்கக் கேட்டு நிலுவையில் இருக்கும் பதிவை ஃபெர்பாவின்படி அழிக்கக் கூடாது. ‘இந்த நேரத்துப் பதிவைத் தனியே எடுத்து வைக்கவும்’ என்று கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்.