110 சிசி, 16,000 ரூபாய், கம்பெனியே கைவிட்ட பைக்: வாங்கலாமா?

வில்லிவாக்கத்திலிருந்து

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. நைட் ஷிப்ட் முடிந்தால் பஸ்ஸுக்கு நிற்பதிலேயே விடிந்துவிடுகிறது. ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் போதும், பட்ஜெட் 20,000 என்று தேட ஆரம்பித்தேன். அந்த விலைக்கு எல்லோருக்கும் தெரிந்த கம்பெனி வண்டி என்றால் ஒன்று புகை தள்ளுகிறது, இல்லாவிட்டால் மீட்டர் கேபிள் கழற்றிய அடையாளத்தோடு நிற்கிறது. அப்போதுதான் கொளத்தூரில் இந்த வண்டி கண்ணில் பட்டது. 2012 நவம்பர் பதிவு, 31,000 கிலோமீட்டர், சிங்கிள் ஓனர், ரிட்டயர்டு ஆசிரியர். கேட்ட விலை 16,000. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். டூவீலர் செய்வதையே நிறுத்திவிட்டார்கள், அது மட்டும் தெரிந்தால் போதும்.

மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் போன உடனே சாவியைக் கேட்கவில்லை. இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். "காலையில ஸ்டார்ட் பண்ணீங்களா சார்?" என்றார். "பால் வாங்கப் போயிட்டு வந்தேன்" என்றார் ஆசிரியர். "சரி, ஆறட்டும்" என்று அண்ணன் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம். சூடான இன்ஜினில் கோளாறு பாதி ஒளிந்துகொள்ளுமாம். ஆறிய பிறகு கிக்கர் அடித்தார், இரண்டாவது உதையில் பிடித்தது. சைலன்சரில் வெள்ளைக் கர்சீப்பைப் பிடித்தார். ஆயில் திட்டு இல்லை. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினார், நடுவில் ஒரு இடத்தில் கடுக்கென்று நின்றது. ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங், அதாவது கோன் செட் போயிருக்கிறது, அது பெரிய செலவில்லை என்றார்.

முன் டயர் ஓரத்தில் நான்கு எண்கள் இருந்தன: 3612. அதாவது 2012-ல் 36-வது வாரம் செய்த டயர், வண்டியோடு வந்ததே. "கிலோமீட்டர் உண்மையாத்தான் இருக்கும், ஆனா டயர மாத்தியாகணும்" என்றார். ரோட்டில் படும் பட்டன் இன்னும் தேயாமல் நன்றாகவே இருந்தது, ஆனால் பக்கவாட்டு ரப்பர் வயல் வெடித்த மாதிரி வெடித்திருந்தது. ஒரே டயர் சிபாரிசும் செய்தது, செலவும் வைத்தது.

ஆசிரியர் ஒரு கல்யாண மஞ்சள் பையில் சர்வீஸ் பில்களை எல்லாம் வைத்திருந்தார். 2017 வரை வரிசையாக இருக்கிறது, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. சர்வீஸ் சென்டரை மூடிவிட்டார்களாம்.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "வண்டி நல்ல வண்டி. இருந்தாலும் அட்வான்ஸ் குடுக்காத. முதல்ல புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைங்களுக்குப் போயிட்டு வா."

அவர் கணக்கு இது. பேரிங், பிளக், பல்பு, பேட்டரி, டயர், டியூப் எல்லாம் எந்தக் கம்பெனி வண்டிக்கும் அளவு பார்த்து வாங்கிக்கொள்ளலாம். செயின் ஸ்ப்ராக்கெட்டைப் பல் எண்ணி, அளவு பார்த்து வேறு வண்டியுடையதைப் போட்டுக்கொள்ளலாம். கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் அளவு கொடுத்தால் கட்டித் தருவார்கள். பேக்கிங் ஷீட் வாங்கிக் கையாலேயே வெட்டிக்கொள்ளலாம். பிஸ்டனுக்குக்கூட லேத்தில் வழி பண்ணலாம். வழி இல்லாதது சிடிஐ, மேக்னட் காயில், லாக் செட், மீட்டர். இதில் சிடிஐதான் எமன். எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு முன்னால் ஸ்பார்க் விழ வேண்டும் என்பது அந்தச் சின்ன டப்பாவுக்குள் இருக்கிறது. வேறு வண்டியுடையதை, ஒயரை இணைக்கும் கப்ளரை வெட்டி ஒட்டினால் ஸ்டார்ட் ஆகலாம், ஆனால் புல்லிங் இருக்காது, சூடாகும், உதறும்.

சீட்டில் எழுதிக்கொண்டு புதுப்பேட்டை போனேன். முதல் கடையில் சிரித்தார்கள். "இத இன்னும் ஓட்றாங்களாண்ணா?" அடுத்த கடையில் பெயரைச் சொன்னதும் பையன் உள்ளே போய் ஒரு சைடு கவரோடு வந்தான், வேறு கலர். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர், மேலே கட்டித் தொங்கவிட்ட ஒயர் கொத்துகளுக்கு நடுவில் கையை விட்டுத் துழாவி, பழைய சிடிஐ ஒன்றை எடுத்துத் துடைத்துக் காட்டினார். 900 ரூபாய். "ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. எடுத்தா ரிட்டர்ன் கெடையாது தம்பி." ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளிலும் கேட்டேன், புதுசு யாரிடமும் இல்லை.

இப்போது குழப்பம் இதுதான். வண்டி நல்லது, விற்பவரும் நல்லவர். நாளைக்கு அந்த டப்பா போனால்? இப்படி வாங்கியவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

ஆவடியிலிருந்து

நான் இன்னும் எல்எம்எல் ஃபிரீடம் ஓட்டுகிறேன். கான்பூர் கம்பெனி 2018-ல் கலைப்புக்கே போய்விட்டது, என் வண்டி போகவில்லை. இது எல்எம்எல்லுக்கு மட்டும் நடந்ததில்லை. கைனெட்டிக்கின் டூவீலர் தொழிலை 2008-ல் மஹிந்திரா வாங்கியது. அப்புறம் அவர்களும் சின்ன பைக் செய்வதை விட்டுவிட்டார்கள். வண்டி ரோட்டில் இருக்கும், கம்பெனி இருக்காது, அவ்வளவுதான்.

எனக்கு ஓடுவதற்குக் காரணம் மொட்டை மாடியில் இருக்கிறது. ஆறு வருடம் முன்பு அதே மாடல் ஓடாத வண்டி ஒன்றை 3,500-க்கு, முறைப்படி ஆர்.சி.யோடு, எடுத்துப் போட்டேன். தேவைப்படும்போது அதிலிருந்து உரித்துக்கொள்கிறேன். இப்போது சட்டமும் டேங்கும்தான் மிச்சம். வீட்டம்மா அதன்மேல் வடகம் காயப் போடுகிறாள்.

தம்பி, மாடி இருக்கிறதா உங்களுக்கு? வாடகை வீடு என்றால் யோசியுங்கள். இன்னொன்று, உங்கள் மெக்கானிக்குக்கு வயது என்ன? சும்மா கேட்கவில்லை. என் மெக்கானிக் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போன பிறகு ஒரு வருடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புதுப் பையன்கள் இந்த வண்டியைப் பார்த்தாலே "அண்ணா, நாளைக்கு வாங்க" என்கிறார்கள்.

முடிச்சூரிலிருந்து

பிராண்டைவிட எனக்குப் பயம் தண்ணீர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வந்து போய், இரண்டு மாதம் கழித்து ஒரு வண்டி வாங்கினேன். ஊரறிந்த கம்பெனிதான், பளபளவென்று இருந்தது. இவ்வளவு சுத்தமான வண்டியா என்று மயங்கினேன். அந்தச் சுத்தத்தைத்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நாலாவது வாரம் ஹாரன் அடித்தால் இண்டிகேட்டர் எரிந்தது. சைடு கவரைக் கழற்றினால் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் மாவு மாதிரி வண்டல். ஒயரிங் கப்ளர் ஒவ்வொன்றிலும் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்ளே ஒரு கோடு, தண்ணீர் நின்ற மட்டம். எல்லாம் வெளியிலிருந்தே தெரிந்திருக்கும், நான் பார்க்கவில்லை.

எனக்கு ஒயரிங் கிட் கடையில் கிடைத்தது, மாற்றிவிட்டேன். உங்கள் வண்டிக்கு அதுவும் கிடைக்காது. கொளத்தூரிலும் மழைக்குத் தண்ணீர் நிற்கும். 2015 வெள்ளத்தில் வண்டி எங்கே நின்றது என்று ஆசிரியரிடம் நேராகவே கேளுங்கள்.

ராயபுரத்திலிருந்து

20,000-க்கு ஒரு பழைய ஸ்பிளெண்டர் எடுங்கள். நடுராத்திரி திருநின்றவூரில் நின்றாலும் கேபிள் கிடைக்கும். எல்லாம் தெரிந்தும் எதற்கு இந்த வேலை?

எதை எடுத்தாலும் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நான் விற்ற வண்டியை வாங்கியவர் "அப்புறம் மாத்திக்கிறேன்" என்று ஒன்றரை வருடம் ஓட்டினார். ஹெல்மெட் போடாத சலான் எல்லாம் என் போனுக்கு வந்தது. விபத்து நடந்திருந்தால் இன்னும் மோசம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, ஆர்டிஓவில் கொடுத்த ரசீதைப் பார்த்த பிறகுதான் இப்போதெல்லாம் சாவியைக் கொடுக்கிறேன்.

வில்லிவாக்கத்திலிருந்து, மூன்று மாதம் கழித்து

வாங்கிவிட்டேன். ஸ்பிளெண்டரும் பார்த்தேன். 20,000-க்குக் கிடைத்ததில் ஒன்றின் சேஸிஸ் நம்பரில் பென்சில் தேய்த்துப் பார்த்தால் எழுத்து ஒரே வரிசையில் இல்லை, யாரோ மாற்றி அடித்த மாதிரி. அண்ணன் ஒன்றும் பேசாமல் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டார்.

ஆசிரியரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். 2015-ல் வாசலில் முழங்கால் அளவு வந்ததாம், வண்டியை முதல் மாடி வராந்தாவுக்கு நான்கு பேர் தூக்கினார்களாம். அந்தப் போட்டோவைப் போனில் தேடி எடுத்துக் காட்டினார். வண்டியைவிட அந்தப் போட்டோதான் என் மனதை மாற்றியது என்று நினைக்கிறேன்.

டயர், கோன் செட், கிடைக்காத பாகங்கள் எல்லாவற்றையும் சொல்லி 11,000 கேட்டேன். முகம் வாடிவிட்டது. 12,500-க்கு முடிந்தது. ஆர்.சி.யில் பேங்க் கடன் பதிவு இன்னும் அப்படியே இருந்தது. கடனைக் கட்டி முடித்துப் பத்து வருடத்துக்கு மேலாகியும் அவர் அதை நீக்கவில்லை. பேங்க்கில் என்ஓசி வாங்கி ஃபாரம் 35 கொடுத்து நீக்கிய பிறகுதான் பெயர் மாற்றம் நகர்ந்தது. பத்து நாள் இழுத்தது. பதினைந்து வருடக் கணக்கில் ஆர்.சி. 2027 நவம்பர் வரை. அதற்கப்புறம் புதுப்பிக்க 1,000 ரூபாய் கட்டணம், பசுமை வரி, இன்ஸ்பெக்ஷன். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆவடி அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில்: வாடகை வீடு, மாடி இல்லை. மெக்கானிக்குக்கு 46 வயது.

புதுப்பேட்டை பெரியவரிடம் அந்த சிடிஐயை எடுக்க வண்டியிலேயே போனேன். கடை வாசலில் வைத்து மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டர் முறுக்கிப் பார்த்துவிட்டுப் பழையபடி கழற்றினார். 900-ல் 50 குறைத்தார். போன வாரம் பாடி மேம்பாலம் ஏறும்போது வண்டி நின்றது. டப்பாதான் போச்சு என்று வயிற்றைக் கலக்கியது. தள்ளிக்கொண்டு வந்தால், அண்ணன் டேங்க் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பெட்ரோல் இல்லை.

டப்பா சீட்டுக்கு அடியில், பழைய சாக்ஸுக்குள் அப்படியே கிடக்கிறது.