ஹைபிரிட் காருக்கு 3 லட்சம் கூடக் கொடுக்கலாமா?

வேளச்சேரிவாசி:
தினமும் வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குப் போய்வருகிறேன், அதுவே மாதம் 1,100 கிலோமீட்டர் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சேலத்தில் அம்மா வீடு. மாருதி கிராண்ட் விட்டாரா வாங்கலாம் என்று போனால் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கும் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கும் (பெட்ரோல் எஞ்சினோடு, தனியாகவே வண்டியை ஓட்டக்கூடிய மின்மோட்டாரும் இருப்பது) கிட்டத்தட்ட 3 லட்சம் வித்தியாசம் வருகிறது. மைலேஜில் அந்தப் பணம் திரும்பி வருமா? பேட்டரி போனால் என்ன செய்வது? எங்கள் அப்பார்ட்மென்ட்டில் சார்ஜர் போட விடமாட்டார்கள், அதுவும் ஒரு கவலை.

கியர்மாமா:
சார்ஜர் கவலையை முதலில் விடுங்கள், இதில் பிளக்கே கிடையாது. பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குக் கரண்ட் அனுப்பும், போதாவிட்டால் எஞ்சினே ஏற்றிக்கொள்ளும்.

உங்கள் ரூட்டுக்காகவே செய்த வண்டி மாதிரிதான் இது. சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும், ஆனால் ஏசி கம்ப்ரசரும் கரண்டில் ஓடுவதால் குளிர் குறையாது. முன்னால் நிற்கும் பஸ் பத்தடி நகர்ந்தால் நாமும் சத்தமே இல்லாமல் பத்தடி நகர்வோம், அதற்கு ஒரு சொட்டு பெட்ரோல் செலவாகாது. என் டொயோட்டா ஹைரைடர் (உள்ளே அதே எஞ்சின், அதே மோட்டார்) இந்த நெரிசலில் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுக்கிறது. கம்பெனி சொல்லும் 27.97 எல்லாம் பேப்பரில்தான். சாதா பெட்ரோல் ஆட்டோமேட்டிக் இதே ரோட்டில் 11 கொடுத்தாலே பெரிது. ஆக 1,100 கிலோமீட்டருக்கு 100 லிட்டர் போட வேண்டிய இடத்தில் 50 லிட்டர், மாதம் சுமார் 5,000 ரூபாய் மிச்சம், 3 லட்சத்தை எடுக்க ஐந்து வருஷம். அதற்குள் வண்டியை மாற்றுகிற ஆளாக இருந்தால் வேண்டாம்.

நாலுவழிச்சாலை:
சேலம் பயணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பைபாஸில் 100-ல் ஒரே சீராகப் போனால் பிரேக்கே மிதிப்பதில்லை, பேட்டரிக்கு வேலையும் இல்லை, இரண்டு வண்டிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏற்காடு இறங்கும்போது மட்டும் வேடிக்கை பார்க்கலாம்: பேட்டரி சின்னது, 0.76 கிலோவாட் ஹவர்தான், நாலைந்து கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் நிரம்பிவிடும். அதற்குமேல் ஏற்ற இடமில்லாமல் எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்தும். முதல் தடவை பயந்துவிட்டேன், அது கோளாறு இல்லை.

அப்புறம் டிக்கி. பேட்டரி வைத்த இடம் போக 265 லிட்டர்தான், சாதா மாடலில் 373. அம்மா கொடுத்தனுப்பும் அரிசி மூட்டைக்கும் மாங்காய்க்கும் இப்போதே இடம் யோசித்துக்கொள்ளுங்கள்.

கியர்மாமா:
டிக்கி விஷயம் உண்மைதான், நான் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பேட்டரி பற்றிக் கேட்டிருந்தீர்கள், விட்டுவிட்டேன். ஜப்பானில் டொயோட்டாவின் ஹைபிரிட் காரான ப்ரியஸ் வந்ததே 1997-ல், ஒன்றும் புது சரக்கு இல்லை. போன் மாதிரி முழுக்கக் காலியாக்கி முழுக்க ஏற்றுவது இதில் நடக்காது, நடுவிலேயே வைத்துக்கொள்ளும், அதனால்தான் நாள் தாங்குகிறது. வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். உண்மையில் மக்கர் செய்வது சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான், ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் கதவுகூடத் திறக்காமல் நிற்கலாம்.

சும்மாபடிப்பவன்:
புக் செய்யும்போது ‘ஸ்ட்ராங்’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். என் மச்சான் மைல்டு ஹைபிரிட் வாங்கிவிட்டு, மின்சாரத்தில் ஓடவே மாட்டேன் என்கிறது என்று சர்வீஸுக்கு அலைந்துகொண்டிருந்தார். மைல்டில் மோட்டார் எஞ்சினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான், தனியாகச் சக்கரத்தைச் சுற்றாது.

வேளச்சேரிவாசி:
நன்றி. இப்போதுள்ள காரை ஒன்பது வருஷமாக ஓட்டுகிறேன், அதனால் ஐந்து வருஷக் கணக்கு ஒத்துவருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலி ரோட்டில் டெஸ்ட் டிரைவ் கொடுக்கிறேன் என்றார்கள், திங்கள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டிருக்கிறேன். போகும்போது ஒரு பெரிய பெட்டியும் எடுத்துப்போய் டிக்கியில் வைத்துப் பார்க்கிறேன்.