இரு குதிகால்களிலும் எலும்பு முள், வலியோ ஒன்றில் மட்டும்: அறிந்தவர்கள் உதவவும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்யும் என் அக்காவுக்கு (வயது 48), காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் வலது குதிகால் ஊசி குத்துவதுபோல் வலிக்கிறது; சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்தால் சற்றுத் தணிந்து, கடை மூடும் நேரத்தில் மறுபடியும் கடுக்கிறது. எக்ஸ்ரேயில் இரு குதிகால்களிலும் எலும்பு முள் (எலும்பில் முள்போல் நீண்டு வளர்ந்த பகுதி) தெரிகிறது; இடது காலிலோ வலியே இல்லை.

முள் இருந்தும் வலியில்லாதவர்கள் ஏராளம் என்பதையும், கூடுதல் உடல் எடை, நெடுநேரம் நிற்பது, தட்டைப் பாதம், இறுகிய கெண்டைக்கால் தசை போன்றவை வலிக்கான வாய்ப்பைக் கூட்டும் என்பதையும் அறிவேன். ஆகவே, முள்ளை அறுத்தெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற உறவினர்களின் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. வலிக்குக் காரணம் முள் அல்ல, இறுகிய கெண்டைக்கால் தசையாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்; அக்காவின் வலது பாதம் இடதைப் போல மேல்நோக்கி மடங்குவதில்லை என்பதே அதை வலுப்படுத்துகிறது.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தமே வந்துவிட்டது. அவர் கடையில் உள்ள ஒரே ஸ்டூலில் துணிக்கட்டுதான் உட்கார்ந்திருக்கிறது.

இயன்முறை மருத்துவர்களோ இதே வலியிலிருந்து மீண்டவர்களோ இருந்தால், ஒரு காலில் மட்டும் வலி வருவதற்கு வேறு எவற்றைப் பரிசோதிக்க வேண்டும், கெண்டைக்கால் நீட்சிப் பயிற்சியை எவ்வளவு காலம் தொடர்ந்த பின் ஊசி மருந்தைப் பற்றி யோசிக்கலாம், நின்று வேலை செய்பவர்களுக்கு எவ்வகைக் காலணி ஏற்றது என்பவற்றைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்குச் சர்க்கரை நோய் இல்லை.