புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இல்லாமலே பெண் எலி ஆண் எலியைப் புணர்ச்சிக்கு ஏற்பது எப்படி?

கேள்வி:
சினைப்பை நீக்கிய எலிக்கு ஈஸ்ட்ராடையால் என்ற பெண் ஹார்மோனை மட்டும் போட்டு, மூளையின் மூன்றாம் வென்ட்ரிக்கிளில் (திரவம் நிறைந்த அறை) டி1 டோபமைன் அகோனிஸ்ட், அதாவது டோபமைனின் டி1 வகை ஏற்பியைத் தூண்டும் மருந்து, செலுத்தினாலே லார்டோசிஸ், அதாவது ஆணை ஏற்க முதுகை வளைத்து நிற்பது, வருகிறதாமே? புரோஜெஸ்டிரோன் இல்லாமல் புரோஜெஸ்டிரோன் ஏற்பி எப்படி இயங்கும்?

பதில் 1:
ஏற்பியை இயக்க ஹார்மோன்தான் வேண்டும் என்பதில்லை. டி1 ஏற்பி தூண்டப்பட்டால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு கூடும். அதனால் இயங்கும் புரதக் கைனேஸ் ஏ என்ற நொதி, டார்ப்-32 புரதத்தின் 34ஆம் இடத்திலுள்ள திரியோனின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றும். அந்த வழியாகப் புரோஜெஸ்டிரோன் ஏற்பி விழித்துக்கொள்கிறது. 1994இல் ஓ'மாலி குழு காட்டியது இதைத்தான்: அந்த ஏற்பி உருவாவதை ஆன்டிசென்ஸ் (அதன் ஆர்என்ஏவோடு ஒட்டித் தடுக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) கொண்டு தடுத்தால் டோபமைன் பலிக்கவில்லை. டோபமைனின் இன்னொரு ஏற்பி வகையான டி2-வைத் தூண்டும் அகோனிஸ்ட்டுக்கு இந்த விளைவு இல்லை.

பதில் 2:
ஈஸ்ட்ராடையாலை விட்டுவிடாதீர்கள். மூளையில் இந்த நடத்தையை இயக்கும் வென்ட்ரோமீடியல் ஹைபோதலாமஸ் பகுதியில் புரோஜெஸ்டிரோன் ஏற்பியை உண்டாக்குவதே அதுதான். ஒப்பீட்டுக்காக இரு ஹார்மோனும் பெறும் குழுவுக்கு வழக்கமான அளவு: ஈஸ்ட்ராடையால் பென்சோயேட் 10 மைக்ரோகிராம், நல்லெண்ணெயில் கரைத்து, தோலுக்கடியில், சோதனைக்கு 48 மணி நேரம் முன், புரோஜெஸ்டிரோன் 500 மைக்ரோகிராம், 4 மணி நேரம் முன். டோபமைன் குழுவுக்கு ஈஸ்ட்ராடையாலைக் குறையுங்கள். அதிகமானால் அதுவே லார்டோசிஸ் தரும், டோபமைனின் பங்கு தெரியாது.

சோதனை இருட்டு நேரத்தில், மங்கிய சிவப்பு விளக்கில். ஆண் 10 முறை ஏறியதில் எத்தனைக்குப் பெண் வளைந்தது என்று சதவீதம் போடுங்கள். ஆண் அனுபவமில்லாததாக இருந்தால் சரியாக ஏறாது, எண் பொய்யாகக் குறையும். முடிந்ததும் மூளையை வெட்டி, மருந்து செலுத்திய நுண்குழாயின் (கேனுலா) நுனி எங்கே இருந்தது என்று பாருங்கள். வென்ட்ரிக்கிளைத் தவறவிட்ட எலிகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. புரோஜெஸ்டிரோன் ஏற்பியைத் தடுக்கும் ஆர்யூ 486 மருந்தைக் கொடுத்தால்?

பதில் 1:
டோபமைன் தரும் லார்டோசிஸும் அடங்கிவிடும். ஆனால் அந்த மருந்து குளுக்கோகார்ட்டிகாய்டு (அட்ரீனல் சுரப்பி ஹார்மோன்) ஏற்பியையும் தடுக்கும்; அதை மட்டும் சான்றாக வைக்காதீர்கள்.