பரணில் கிடந்த ஆம்பிளிஃபயரை எழுப்பிய கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அப்பா 1978ல் வாங்கிய ஸ்டீரியோ ஆம்பிளிஃபயர் 22 வருடம் பழைய போர்வைக்குள் பரணில் கிடந்தது. போன மாதம் கீழே இறக்கினேன். தூசியைத் துடைத்ததும் பிளக்கைச் சொருகிப் பார்க்கத்தான் கை பரபரத்தது. ஆனால் சொருகவில்லை. இன்று அது பாடுகிறது என்றால் அதற்கு அந்தப் பொறுமைதான் காரணம் என்று நம்புகிறேன்.

முதல் நாள் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்ததோடு சரி. கெப்பாசிட்டர் எதுவும் உப்பவில்லை, ஒழுகவும் இல்லை. ஆனால் பவர் சப்ளை போர்டில் பெரிய கெப்பாசிட்டர்களின் அடியில் பழுப்பு நிறத்தில் ஏதோ பிசின் போல் இறுகிக் கிடந்தது. அந்தக் காலத்தில் பாகங்கள் ஆடாமல் இருக்க ஃபேக்டரியில் வைத்த பசை அது. புதிதில் வெளிறிய நிறத்தில் இருக்கும். வயதாகி, சூடுபட்டுப் பழுப்பானால் ஈரத்தை இழுத்து, பக்கத்தில் இருக்கும் கம்பியை அரிக்கும், மின்சாரத்தையும் கடத்தும். பல் குத்தும் குச்சியால் சுரண்டியபோது ஒரு டையோடின் கால் பச்சை பூத்திருந்தது தெரிந்தது. தொட்டேன், பொட்டென்று ஒடிந்துவிட்டது. அப்படியே கரண்ட் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

பின்பக்கம் வோல்ட்டேஜ் செலக்டர் (எந்த அளவு மின்சாரத்துக்கு என்று தேர்வு செய்யும் சுவிட்ச்) இருந்தால் அது எதில் நிற்கிறது என்றும் பாருங்கள். இத்தனை வருடத்தில் யார் கை பட்டுத் திரும்பியதோ, யாருக்குத் தெரியும்.

டையோடை மாற்றிவிட்டு சீரிஸ் பல்ப் போட்டேன், அதாவது ஆம்புக்குப் போகும் மின்சாரம் ஒரு பல்ப் வழியாகவே போகும்படி இணைத்தேன். 60 வாட் குண்டு பல்ப், ஃபிலமென்ட் உள்ளது. எல்இடி இதற்கு உதவாது. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் நின்று எரிந்து, ஆம்புக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்திவிடும். நல்ல செட் என்றால் பளிச்சென்று எரிந்து, கெப்பாசிட்டர் நிரம்ப நிரம்ப மங்கிவிடும். எனக்கு மங்கியது. அந்த சில நொடிகள் நான் மூச்சே விடவில்லை.

எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. பல வருடம் வோல்ட்டேஜ் இல்லாமல் கிடந்தால் அது பலவீனமாகி, கசிவு கூடும். மெதுவாக வோல்ட்டேஜ் ஏற்றினால் பெரும்பாலும் படலம் தன்னைத் தானே சரி செய்துகொள்ளும். அதனால் பல்போடு வேரியாக்கையும் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) சேர்த்து, சில மணி நேரத்தில் படிப்படியாக ஏற்றினேன். அதுவரை ஸ்பீக்கரை இணைக்கவே இல்லை. கடைசியில் ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி (ஸ்பீக்கருக்கு ஆகாத, ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) அளந்தேன்: இடது 18 மில்லிவோல்ட், வலது 31 மில்லிவோல்ட். 50க்குள் இருந்தால் பயமில்லை.

அப்புறம்தான் பாட்டு. வலது பக்கம் மட்டும் வந்தது. இடது பக்கம் சத்தமே இல்லை. இங்கேதான் நம்மில் பலரும் உடனே சால்டரிங் அயர்னை எடுத்துவிடுகிறோம். நான் முன்பக்கம் இருந்த டேப் மானிட்டர் சுவிட்சை (டேப் டெக்கிலிருந்து வரும் ஒலியைத் தேர்வு செய்வது) இருபது முறை அழுத்தி அழுத்தி விட்டேன். இடது சேனல் கரகரவென்று உயிர் பெற்றது! சுவிட்சின் உள்ளே வெள்ளித் தகடு கறுத்திருந்ததுதான் குறை. கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டதும் கரகரப்பும் போய்விட்டது.

ஆனாலும் ஒன்று மிச்சம் இருந்தது. வால்யூம் குறைவாக இருக்கும்போது இடது பக்கம் அமுங்கிப் போகும், சத்தத்தைக் கூட்டினால் திடீரென்று தெளிவாகிவிடும். இந்த அறிகுறியை மனதில் வையுங்கள், பெரும்பாலும் ஸ்பீக்கர் ரிலேதான், அதாவது ஸ்பீக்கரை ஆம்போடு இணைத்தும் துண்டித்தும் காக்கும் தானியங்கி சுவிட்ச். கரண்டை நிறுத்தி, கெப்பாசிட்டரில் மிச்சமிருந்த சார்ஜை 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, ரிலேயின் மூடியைத் திறந்தேன். விசிட்டிங் கார்டை மெல்லிய கீற்றாக வெட்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, இரண்டு கான்டாக்டுக்கும் நடுவே வைத்து, மேல் தகட்டை லேசாக அழுத்திக்கொண்டு இழுத்தேன். வெள்ளை அட்டையில் பென்சிலால் இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. நான்காவது இழுப்பில் கோடு விழவில்லை. உப்புத்தாள் போடாதீர்கள், வெள்ளிப் பூச்சு போய்விடும்.

மொத்தத்தில் மாற்றிய பாகம் ஒரே ஒரு டையோடு.

* * *

படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது சார், ஏனென்றால் நான் நேராகச் சொருகியவன்.

என்னுடையது ரிலே இல்லாத பழைய ஆம்ப். போட்டதும் நாலு நொடி "ம்ம்ம்" என்று ஹம். அதோடு வூஃபர் கோன் ஒரே தள்ளாக வெளியே வந்து அங்கேயே நின்றது. பிளக்கைப் பிடுங்குவதற்குள் வார்னிஷ் கருகும் வாசனை. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்டாகி, சப்ளையில் இருந்த டிசி முழுக்க ஸ்பீக்கருக்குப் போயிருக்கிறது. அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கிய ஸ்பீக்கர் அது. அவரிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது.

காரணத்தைத் தேடிப் போனால், பயாஸ் பிரிசெட். பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்டுதான் பயாஸ், அதன் அளவை வைக்கும் சின்னத் திருகுதான் பிரிசெட். நகம் அளவு இருக்கும் திறந்த மாதிரி பிரிசெட்டில், நடுவில் நிற்கும் தகடு துருவேறித் தொடர்பு விட்டிருந்தது. பல சர்க்யூட்டுகளில் அந்தத் தொடர்பு விட்டுப்போனால் பயாஸ் குறையாது, உச்சத்துக்குப் போய்விடும். அதனால் நீண்ட காலம் தூங்கிய ஆம்ப் என்றால், முதலில் அந்தப் பிரிசெட்டை மூடிய மாடலாக மாற்றிவிட்டுத்தான் இப்போது கரண்டே கொடுக்கிறேன். பழையதன் அளவை மீட்டரில் பார்த்து, புதியதையும் பயாஸ் குறைவாக வரும் பக்கமே வைத்துத் தொடங்குவேன். அவுட்புட் டிரான்சிஸ்டரோடு சேர்ந்திருக்கும் எமிட்டர் ரெசிஸ்டர் 0.33 ஓம் என்றால் அதன் குறுக்கே 10 மில்லிவோல்ட் வரும்போது 30 மில்லிஆம்ப் ஓடுகிறது என்று கணக்கு. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

இன்னொரு அடி: மாற்றாக வாங்கிப் போட்ட டிரான்சிஸ்டர்கள் பத்தே நிமிடத்தில் போய்விட்டன. சந்தேகப்பட்டு உலோக மூடியை அறுத்துப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கூட்டுக்குள் கடுகளவு சிலிக்கான் சில்லு. போலி. நிறுத்தப்பட்ட பழைய நம்பர் அப்படியே வேண்டும் என்று அலையாமல், இன்றும் தயாரிப்பில் இருக்கும் இணையான நம்பரைப் போடுவதுதான் நல்லது.

* * *

என்னுடையது கேசட் டெக். 15 வருடம் அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, கேசட் நகரவில்லை. திறந்தால் பெல்ட்டே இல்லை. ஃப்ளைவீல் ஓரத்திலும் புல்லியிலும் தார் உருகி வழிந்த மாதிரி ஒரு கறுப்புப் பசை. அதுதான் பெல்ட்! விரலில் பட்டது இரண்டு நாள் போகவில்லை. ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சி, ஒரு முழு மாலைப் பொழுது. புல்லியின் பள்ளத்தில் துளி மிச்சமிருந்தாலும் பாட்டு அலை அலையாக ஆடும், அவசரப்படாதீர்கள்.

புது பெல்ட்டுக்கு அளவு தெரியாவிட்டால், பழையது ஓடிய வழியே நூலைச் சுற்றி அளந்து, அதில் 5 சதவீதம் போலக் குறைத்து வாங்குங்கள். பெல்ட் போட்ட பிறகும் பிளே பட்டன் சில நொடியில் தானாக எகிறி நின்றுவிட்டால், டேப்பைச் சுருட்டும் பக்கம் சுற்றவில்லை என்று அர்த்தம். சுருட்டும் பக்கத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் இறுகி வழுக்குகிறது. எனக்கு அதையும் மாற்ற வேண்டியிருந்தது.

* * *

ஆம்பைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரை விட்டுவிடாதீர்கள். துணி கிரில்லைக் கழற்றி, கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரல் நுனியால் மெல்லத் தொட்டேன். பழைய கேக் மாதிரி உதிர்ந்தது. ஃபோம் வாசிக்காமல் கிடந்தாலும் மட்கிவிடும். ரப்பர் வளையம் இருப்பவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். வளையம் மாற்றும்போது கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக அழுத்திப் பாருங்கள், உரசும் சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) நடுவில் இல்லை. பசை காய்வதற்குள் நகர்த்திச் சரி செய்துகொள்ளலாம். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 ஓம் போலக் காட்டினால் பதற வேண்டாம், அது சரியான அளவுதான்.

ஒரு கேள்வி: எல்லா கெப்பாசிட்டரையும் மொத்தமாக மாற்றிவிடு என்கிறார்களே, நீங்கள் ஏன் மாற்றவில்லை?

* * *

இரண்டாவதாக எழுதிய நண்பருக்கு: அண்ணனின் ஸ்பீக்கருக்கு அதே மாடல் வூஃபர் தேடுவதற்கு முன், எரிந்த காயிலை மட்டும் மாற்றிக் கொடுப்பவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கோன் நன்றாக இருந்தால் பழைய குரல் பெரும்பாலும் அப்படியே திரும்பக் கிடைக்கும்.

கெப்பாசிட்டர் கேள்விக்கு: ஐம்பது பாகத்தை ஒரே நாளில் மாற்றினால் ஒன்றிரண்டு தலைகீழாகவோ, ஈயம் சரியாகப் பிடிக்காமலோ போகும். அப்போது பழைய குறை எது, நான் செய்த குறை எது என்று பிரிக்க முடியாது. எனக்கு அந்த பயம் உண்டு. சந்தேகமானதை மட்டும், ஒரு சேனல் முடித்து ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்த சேனல் என்றுதான் செய்வேன். இப்போதைக்கு ஹம் இல்லை, சூடும் இல்லை, அதனால் விட்டிருக்கிறேன்.

ரிலேயை மட்டும் புதிதாக மாற்றலாம் என்று இருக்கிறேன். நீங்களும் வாங்குவதாக இருந்தால் பழைய ரிலேயின் மேல் காயில் வோல்ட்டேஜ் 24 என்று இருக்கிறதா, 48 என்று இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கால்களின் இடைவெளியும் போர்டில் உட்கார வேண்டும்.